பிர்ச் மரச் சர்க்கரை

இரவு இரண்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது
லூப்ளினில் நாய்களும் தூங்கிக்கொண்டிருக்கும்,
எங்கள் ஃபாஃபிக்கைத் தவிர.
வாசல்வரை வந்து என் கைகளை முகர்ந்து
இன்னும் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும்
திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இருபத்தாறு வருடம் கிரீம் அடித்த கை.
‘தொண்ணூற்று நான்கு கிலோ அறுநூறு கிராம்’
என்று நவம்பரில் டாக்டரம்மா எழுதினார்.
அந்த அறுநூறைக்
கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு சமையலறைகள்.
பேக்கரியில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை.
வீட்டில்
பிர்ச் மரத்திலிருந்து எடுத்தது என்று பொட்டலம் சொல்லும்
ஒரு வெள்ளைத் தூள்.
நாக்கில் வைத்தால் இனிப்புக்கு முன்னால் குளிர் வரும்,
யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல.

முதலில் பாலாடைக்கட்டி கேக்.
கொழுப்பெடுத்த கட்டி, வெண்ணெய் இல்லை,
மஞ்சள் கரு இல்லை.
அவனுக்குள் இருந்தவரை நிமிர்ந்துதான் நின்றது.
கதவைத் திறந்ததும் பெருமூச்சு விட்டு
நடுவில் விண்டு
தட்டு நிறையத் தண்ணீர் விட்டு அழுதது.
பொகுஸ்வாவ் ஒரு துண்டு தின்றுவிட்டு
“நன்றாக இருக்கிறது” என்றார்,
சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்து
‘தூங்குகிற மாதிரியே இருக்கிறார்’ என்பார்களே
அந்தக் குரலில்.

பிறகு வெள்ளை பீன்ஸை அரைத்துச் சாக்லேட் கேக்.
பீன்ஸ் கடைசிவரை பீன்ஸாகவே இருந்தது.
பீட்ரூட் பிரௌனி தின்றுவிட்டு வேலைக்குப் போன அன்று
“யாரைக் கடித்துவிட்டு வருகிறாய் லுத்மிவா?”
என்றாள் எவெலினா.
மாவில்லாத கசகசா ரோல் சுருள மறுத்தது.
சர்க்கரை என்று தாளில் எழுதி
நக்கிக்கொண்டிருந்தேன் மூன்று மாதம்.

வீட்டில் இவற்றையெல்லாம் மனதார விரும்பிய ஜீவன் ஒன்றுதான்.
பீன்ஸ் கேக் வெந்த மாலை முழுதும்
அடுப்படியில் உட்கார்ந்து எச்சில் வடித்தது.
கொடுக்கப் போன கையை எவெலினாவின் குரல் பிடித்தது.
அந்தத் தூள் நாய்க்கு விஷமாம்,
அவள் அக்கா நாய்க்கு
மருத்துவமனையில் நான்கு நாள் ஊசி ஏற்றினார்களாம்.
அதன்பிறகு என் கேக்குகள்
குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் ஏறின.
நாங்கள் தொடாததை
அது கீழே உட்கார்ந்து
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
ஜனவரியில், எதுவும் செய்யத் தெம்பில்லாத ஒரு ஞாயிறு,
புளித்த ஆப்பிள் ஒன்றின் நடுவைக் குடைந்து
பட்டையும் இரண்டு வால்நட்டும் அடைத்து
அவனில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.
தோல் வெடித்து, தன் சாற்றிலேயே குழைந்து கிடந்தது.
பாத்திரத்தை வழித்துத் தின்றேன்.
கேக் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பிறகு கொழுத்த வியாழன் வந்தது.
நோன்புக்கு முன்னால் ஊரே டோனட் தின்னும் நாள்.
ஒன்றாவது தின்னாதவருக்கு
வருடம் முழுக்க அதிர்ஷ்டமில்லை என்பார்கள்.
இரண்டாயிரத்து முந்நூறு பொரித்தோம்.
வெளியே பனியில் வரிசை
மருந்துக்கடையைத் தாண்டிப் போயிருந்தது.
எண்ணெயில் ஒரு புரட்டு, இன்னொரு புரட்டு,
இடுப்பைச் சுற்றி வெள்ளை வளையம்,
வயிற்றுக்குள் ரோஜா ஜாம்.
விடியும் நேரம் ஒன்று விலாவில் பிளந்துகொண்டது.
விற்க முடியாது.
இடுக்கியைக் கீழே வைக்காமல்
நின்றபடியே தின்றேன்.
ஆரஞ்சுத் தோல்,
பிறகு கொழுப்பு,
அதற்கும் பிறகு ரோஜா.
நாக்கு ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

ஏப்ரன் பையில் டாக்டரம்மாவுக்கான நோட்டு.
அன்று காலை எடை தொண்ணூறு கிலோ இருநூறு.
அதற்குக் கீழே ‘டோனட், ஒன்று’ என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஒன்றை அடித்து இரண்டு என்று திருத்தினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து
காலணியைக் கழற்ற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்தேன்.
ஃபாஃபிக் வந்து விரல் விரலாக முகர்ந்தது.
பிறகு என் முகத்தைப் பார்த்தது.
நக்கு, என்றேன்.
இது நிஜச் சர்க்கரைதான்.