எட்டாவது குழி

மல்வத்தை வட்டையில் பிடுங்கிய பன்றிநெல்
சேறு காயாத வேரோடு
பஸ்ஸில் வந்தது, ஹஸ்மியாவின் மடியில்.
கண்டக்டர் அதற்கும் டிக்கட் கேட்டான்.

சம்மாந்துறை, ஆய்வுகூடம்.
கல்லுரலில் இலை. உப்புக் கரைசல். குளிர்ந்த அற்ககோல்.
குப்பிக்குள் சளிபோல ஒரு வெள்ளை இழை.
"இவ்வளவுதானா?" என்றான் டிலுக்ஷன்.
பிறகு, மூச்சுப் பட்டுவிடுமோ என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு முறை கரண்ட் போனது.
மூன்றாம் முறை பிசிஆர் ஓடி முடிய
அஸர் பாங்கு.

நீல வெளிச்சத்தில் ஜெல்.
ஏழு குழிக்கும் நேர்கீழே
வரம்பு கட்டியதுபோல் கோடுகள்;
கத்தப் போனோம்.
எட்டாவதில்,
வெறும் தண்ணீர் விட்ட குழியில்,
அங்கும் ஒரு கோடு.
மங்கல்தான். என்றாலும்
ஏழு வயலையும் அழிக்க அது போதும்.

படத்தின் ஓரத்தை வெட்டிவிடலாம்.
திங்கள் ரிப்போர்ட்.
யாரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தோம்.

ஹஸ்மியா கொப்பியை இழுத்தாள்:
"எட்டு: தண்ணீர். கோடு உண்டு.
கை எங்களுடையது. எல்லாம் திரும்ப."

புதுக் கையுறை மாட்டினாள்.
மிச்ச இலையை எண்ணினேன்: நான்கு.
உரல் கழுவப் போன டிலுக்ஷன்
அங்கிருந்தே கத்தினான்,
குழாயில் தண்ணீர் இல்லையாம்.