பதினோரு துளைகள்

மாதனூர்ப் பாலாற்றில்
தண்ணீர் தவிர எல்லாம் வந்து சேரும்.
ஞாயிறன்று ஒரு தகடு வந்திருந்தது.

வெள்ளை. ஓரம் மட்டும் சாம்பல்.
கதவில் பாதி இருக்கும்.
பையன்கள் மணலில் நட்டு
ஸ்டம்ப் ஆக்கியிருந்தார்கள்.
பந்து பட்டால் கணீரென்று கேட்கும்,
அவுட்டா இல்லையா என்று சண்டையே கிடையாது
என்றான் கீப்பர் தமீம்.

இருநூறு ரூபாய்க்கும் ஒரு புதுப் பந்துக்கும் பேசி முடித்து
கடைக்குக் கொண்டுவந்தேன்.
காந்தம் ஒட்டவில்லை.
அரத்தால் தேய்த்தால் அலுமினியப் பளபளப்பும் இல்லை,
நார் நாராய் ஏதோ உதிர்ந்தது.
தராசில் மூன்று கிலோ நானூறு.
இருபத்திரண்டு வருஷ பழைய இரும்புக் கடையில்
பேர் தெரியாத சரக்கை
அன்றைக்குத்தான் நிறுத்தேன்.

ஒரு பக்கம் சிவப்பில் இங்கிலீஷ் எழுத்து.
மகள் படித்துச் சொன்னாள்:
இங்கே மிதிக்கக் கூடாதாம்.
காலையிலிருந்து வாசலில் போட்டு
எல்லோரும் அதன் மேல்தான் ஏறி வந்துகொண்டிருந்தோம்.

அஞ்சலாட்சி ஷிப்ட் முடிந்து வந்தாள்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் அவள்.
ஒரு தையல் தாண்டியிருந்தால்
கண்ணுக்கு முன்னால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.
சாப்பாட்டுப் பையைக்கூட இறக்காமல் குந்தி
தகட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

"பதினோரு துளை.
ஒன்பதுல கிழிசல், இழுத்துப் பிஞ்சிருக்கு.
இந்த ரெண்டைப் பாரு."

பார்த்தேன்.
டிரில் போட்டது போட்டபடி, வட்டம் கலையாமல்.

"இதுல ஸ்க்ரூவே ஏறலை."

ராத்திரி டிவியில் சொன்னார்கள்.
வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து சென்னை போன விமானம்.
பத்திரமாய் இறங்கிவிட்டது.
பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு
ஆட்டோவுக்குப் பேரம் பேசப் போய்விட்டார்கள்.
அப்புறம் டார்ச்சோடு சுற்றி வந்த ஒருவர்தான்
வயிற்றில் ஓட்டையைப் பார்த்தாராம்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், கையுறையோடு.
எங்கே விழுந்தது என்று கேட்டதற்கு
பையன்கள் கிரீஸ் கோட்டைக் காட்டினார்கள்.
அதையும் அளந்து எழுதிக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி அந்த இரண்டு துளையைச் சொன்னாள்.
"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"
"செக்கிங்."
ஒருவர் சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினார்.
மற்றவர் சிரிக்கவில்லை. குனிந்து
அந்த இரண்டை மட்டும் தனியாய்ப் படம் எடுத்தார்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை.
"அவனுக்கும் விடிகாலை மூணு மணியா இருந்திருக்கும்," என்றாள்.
"யாருக்கு?"
"போட்டாச்சுன்னு கை சொல்லும்.
அந்த நேரத்துல கையை நம்பிடுவோம்."
காட்பாடிப் பக்கமாய் ஒரு விளக்கு
மினுக்கி மினுக்கிப் போனது.
மலை மறைக்கும் வரை பார்த்திருந்தாள்.

மறுநாள் ஷிப்டில் நூற்று நாற்பது ஜோடியைத் திருப்பி அனுப்பினாள்.
கன்டெய்னர் வாசலில் நிற்கிறது என்று
சூப்பர்வைசர் கத்தினாராம்.
இவள் அடுத்த ஷூவை எடுத்தாளாம்.

எனக்கு இருநூறு ரூபாய் இன்னும் வரவில்லை.
நோட்டில் எடை இருக்கிறது, பேர் எழுதும் இடம் காலி.
தமீம் இப்போது ஒரு கூலர் மூடியை நட்டிருக்கிறான்.
அது சத்தமே போடாது.
சாயங்காலம் ஆனால் ஆற்றிலிருந்து கேட்கிறது,
பட்டது, படவில்லை,
பட்டது, படவில்லை என்று.