சில்லறைத் தூக்கம்

இன்று காலை படகிலிருந்து
மத்தி டப்பாக் கம்பெனியின் பெயரை உரித்தார்கள்.
ஹேர் டிரையரால் சூடு காட்டி
ஓரத்தை நகத்தால் கிளப்பி
துக்துவால் இழுத்தான்.
வெயிலில் வெந்த முதுகுத் தோல்போல
நீளநீளமாக வந்தது.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயர்.
அதை மட்டும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.
நானே உரித்தேன்.
கடைசி எழுத்து வர மறுத்தது. விட்டுவிட்டேன்.

லோரியாங்கில் யாரும் அதிகம் கேட்பதில்லை.
நீர்மூழ்கிகளுக்காக ஜெர்மானியர் கட்டிவிட்டுப் போன
கான்கிரீட் கொட்டடிகளின் நிழலில்தான்
எங்கள் படகுகள் நிற்கின்றன.
இடிக்க முடியாத சுவர்களோடு குடித்தனம் நடத்தும் ஊர்
ஒருத்தி நின்றுவிட்டாள் என்பதற்கா பதறும்?

பத்திரிகைக்காரர்கள்தான் கேட்டார்கள்.
முழங்காலா?
பணமா?
குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமா?
கேப் ஹார்னில் பயந்துவிட்டீர்களா, அசெனோர்?
தூக்கம் வருகிறது என்றேன்.
கூடம் சிரித்தது.
நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பதினொரு வருஷம்
இருபது இருபது நிமிடமாகத் தூங்கியிருக்கிறேன்.
எல்லாம் சில்லறை.
நோட்டாக மாற்றித் தர
எந்தக் கடையும் இல்லை.
அலாரம் அலறும். எழுவேன்.
ரேடார், காற்று, பேட்டரி,
முன்னால் எவன், பின்னால் எவள்.
மறுபடி சரிவேன்.
வீட்டில் இப்போதும் அப்படித்தான்:
நள்ளிரவில் எழுந்து
ஃபிரிட்ஜ் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கிறேன்.

பயமே இல்லை என்று சொல்லவில்லை.
தெற்கே, ஐம்பது பாகைக்கும் கீழே,
இரவெல்லாம் படகின் சிறகு ஊளையிடும்.
சுருதி ஏறினால் வேகம்,
இறங்கினால் கவலை.
திமிங்கலமோ, மிதக்கும் கண்டெய்னரோ,
இருட்டில் எதுவோ எனக்காகப் பட்டினி கிடக்கிறது என்று
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சூப் குடித்திருக்கிறேன்.
அதற்கெல்லாம் பழகலாம்.
உடம்பு எதற்கும் பழகும்.
அதுதான் உடம்பின் கோளாறு.

நின்றது வேறொரு நாள்.
காற்றே இல்லாத நடுக்கோட்டுப் பகுதி.
பாய் ஈரத்துணியாய்த் தொங்க,
நான்கு மணிக்கொரு தரம் வரும் வரிசைப் பட்டியலுக்காகத்
திரையைப் பார்த்தபடி உள்ளே கிடந்தேன்.
ஆறாவதா, ஏழாவதா.
கூரையில் தடதடவென்றது. மேலே வந்தேன்.
மழை.
தட்டையான கடல் முழுக்க மழை.
துளிக்கொரு குட்டிக் கிண்ணம்
திறந்து மூடியது.
ஒன்பது நாளாக
நான் கடலையே பார்க்கவில்லை என்று
அப்போதுதான் உறைத்தது.
நாலு பக்கமும் அதுதான்.
பார்த்ததெல்லாம் எண்.

சட்டையைக் கழற்றி
வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.
தலைமுடியின் உப்பு கரைந்து கண்ணில் எரிந்தது.
கீழே திரை சிணுங்கியது: எட்டாவது.
சரி என்றேன்.
என் குரலில் அப்படியொரு 'சரி'யை
அதுவரை கேட்டதில்லை.

போட்டியை விடவில்லை. ஐந்தாவதாக வந்தேன்.
தீப்பந்தங்கள் ஏற்றினார்கள், ஷாம்பெயின் பீய்ச்சினார்கள்.
அந்த 'சரி'யைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை,
துக்துவாலிடம் தவிர.
அவன் கயிறு சுற்றுவதை நிறுத்தவேயில்லை.
"பாயை விற்கிறாயா, வைத்துக்கொள்கிறாயா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை
குருவா தீவுக்குப் போகும் பயணிகள் படகில் டிக்கெட் வாங்கினேன்.
காசு கொடுத்துக் கடலேறுவது இதுதான் முதல் தடவை.
அணியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
தென்மேற்குக் காற்று, பதினாலு நாட் இருக்கும்,
இல்லை, பதினைந்து.
எண்ணாதே.
எதிரே ஒரு பையன் சைக்கிளைக் கட்டிப் பிடித்தபடி
வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தான்.
சுக்கான் யார் கையில் என்று தெரியாது.
தெரிந்துகொள்ள எழுந்திருக்கவும் இல்லை.

"மேடம், தீவு வந்தாச்சு."
கயிறு கட்டுகிறவன் தோளைத் தட்டினான்.
எல்லாரும் இறங்கிவிட்டிருந்தார்கள், சைக்கிளும்.
மணி பார்த்தேன்.
நாற்பது நிமிடம். முழுசாக.
வழியில் அலை எப்படி இருந்தது என்று கேட்டேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தான், யோசித்தான்.
"இருந்தது" என்றான்.