உள்பக்கத்து அரசன்

குத்தாயிசி நகரில், ரியோனி ஆற்றுப் பாலம் தாண்டி
மூன்றாம் மாடி. பன்னிரண்டு நாற்காலி, பதினோரு இயந்திரம்.
திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு
மாவு ஒட்டிய புருவத்தோடு வருவார் நுக்சர்.
"எத்தனை அறைந்தீர்கள்?" என்பேன்.
"இருநூற்று நாற்பது" என்பார்.
மண் அடுப்பின் உட்சுவரில், தலைகீழாய்க் குனிந்து,
ஒவ்வொரு ரொட்டியாக.

முகங்களை மறந்துவிடுகிறேன். கைகளை மறந்ததில்லை.
பத்தொன்பது வருடமாக ஊசி பிடிக்கிறவள்
சந்தையில் தக்காளி நிறுப்பவளிடம் விலை கேட்காமல்
அவள் முழங்கைக்குழியைப் பார்த்து நிற்கிறேன்.
சிலருக்கு அங்கே கவட்டைக் கிளை,
சிலருக்கு ஒன்றுமே இல்லாத வெள்ளை.
நீலமாய்த் தெரிவதை நம்பக் கூடாது.
கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டும்.
அழுத்திய விரலைத் திரும்பத் தள்ளுகிறதே,
அதுதான் சிரை.

கட்டைவிரல் பக்கமிருந்து ஏறுவது செபாலிக்.
தலைக்குரியது என்று பொருள். தலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
வெளிப்புறம் என்று அரபியில் எழுதியிருந்ததை
யாரோ தலை என்று படித்துவிட்டார்கள் என்பார்கள்.
அப்புறம் தலைவலி என்று வந்தவரையெல்லாம்
அங்கேயே கீறினார்கள், நூறு நூறு வருடங்கள்.
ஒரு மொழிபெயர்ப்புப் பிழைக்கு எவ்வளவு ரத்தம்.

நடுவில் குறுக்கே போவது எல்லோரும் குத்துகிற சிரை.
அதற்கு அடியில் மெல்லிய நார்த்திரை.
திரைக்கும் அடியில் தமனி.
ரத்தம் இறக்கிய பழைய நாவிதர்கள்
அந்தத் திரையைக் கடவுளின் கருணை என்றார்களாம்.
கத்தி நழுவினாலும் ஆள் பிழைத்தான்.
நான் கடவுளை அதிகம் தொந்தரவு செய்வதில்லை.
அந்த இடத்தில் மட்டும் ஊசியைச் சாய்த்தே பிடிக்கிறேன்.

நுக்சரின் இடது மணிக்கட்டில்
செபாலிக்கைத் தமனியோடு தைத்து ஐந்து வருடம்.
சாதுவாய் ஓடிய சிரை
இதயத்தின் அடி வாங்கி வாங்கிக் கயிறாய்த் தடித்தது.
விரல் வைத்தால், பால் குடித்த பூனையின் தொண்டை.
அந்தக் கையில் கடிகாரம் கூடாது.
அழுத்தப் பட்டை கூடாது. தலை வைத்துத் தூங்கக் கூடாது.
அவர் மனைவி சியாலா கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தாள்.
விளக்கணைக்கும் முன் ஒரு தடவை
மணிக்கட்டில் காது வைத்துக் கேட்பாளாம்.

நவம்பரில் ஒரு செவ்வாய். அவர் முறை இல்லாத நாள்.
புருவத்தில் மாவு இல்லை.
"சத்தம் நின்றுபோச்சு" என்றார்.
"அடுப்பின் இரைச்சல்தான் மறைக்கிறது என்று நினைத்தேன்."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். நகர்த்தினேன். மறுபடி வைத்தேன்.
தோலுக்கடியில் நனைந்து காய்ந்த கயிறு.
வலது கையை நீட்டினார்.
"வேண்டாம், அது ரொட்டிக் கை" என்றேன்.

இடது முழங்கைக்குக் கீழே
அடுப்பு சுட்ட தழும்பும் நாங்கள் குத்திய மேடும்
எது எதுவென்று தெரியாமல் கலந்து கிடந்தன.
கையை உயர்த்தச் சொன்னேன்.
மேற்கையின் உள்பக்கம், வெயில் படாத தோல்,
பிசைந்து மூடி வைத்த மாவு மாதிரி.
ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தேன்.
திரையில் ஒரு கறுப்பு வட்டம்.
அழுத்தினால் மூடிக்கொண்டது. விட்டால் திறந்தது.

பசிலிக். அரசனுக்குரியது என்று பெயர்.
நரம்புக்குப் பக்கத்தில், ஆழத்தில் பதுங்கியே ஓடியதால்
எங்கள் அவசரத்துக்கு ஒருநாளும் அகப்படாதது.
இத்தனை வருடமும் ஒரு ஊசிகூடப் படாதது.

டாக்டர் குர்கெனிட்ஸே கிளைகளைக் கட்டினார்,
நரம்பை ஒதுக்கினார், அரசனை ஆழத்திலிருந்து உருவித்
தோலுக்கு நெருங்கப் புதுப் பாதையில் படுக்க வைத்தார்.
அது தடிக்கும் வரை கழுத்தில் குழாய்.
குனியக் கூடாது. ரொட்டி மைத்துனன் அறைந்தான்.
"நூற்றுக்குப் பத்து கீழே விழுகிறது" என்று
இயந்திரத்தைப் பார்த்து முறையிட்டார் நுக்சர்.

பிப்ரவரி. வெளியே பனி, ஆற்றுக் கற்களை மூடிக்கொண்டு.
சியாலாவும் வந்திருந்தாள்.
காது வைக்கிற இடம் இப்போது அக்குள் பக்கம்,
கூச்சமாக இருக்கிறது என்றாள்.
புதுக் கோட்டில் முதல் ஊசி என்னுடையது.
ரப்பர் பட்டையைக் கட்டினேன், மருந்து தடவினேன்,
காயக் காத்திருந்தேன். காய்ந்த பிறகும் காத்திருந்தேன்.

நுக்சர் என் விரல்களைப் பார்த்தார்.
"சூடு ஆறுது மகளே,
அறை."