பக்கம் பத்தொன்பதில் மிச்சமிருப்பது

மேரிலாந்தில், சூட்லேண்டில், சன்னல் இல்லாத மூன்றாம் மாடியில்
வார்த்தைகளைக் கறுப்பாக்குவது என் வேலை.
முன்பெல்லாம் பேனா. விரல் கறுக்கும், மை மணக்கும்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.
இப்போது மவுஸை அழுத்தி ஒரு கட்டம் இழுத்தால் போதும்.

சொல்லைவிடக் கட்டம் நீளமாக இருக்கவேண்டும்.
ஸ்கேல் வைத்து அளந்தே ஊரைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு.
இந்த ஊருக்கு எத்தனை எழுத்து?
உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

இந்த வாரம் வந்தது பதினான்கு வருடப் பழைய சட்டக் குறிப்பு.
யாரோ வழக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.
மறைப்பதென்றால் வரிக்கு வரி காரணம் சொல் என்கிறார் நீதிபதி.
எழுதியவர் காரிக் லிண்ட்குவிஸ்ட்.
கேன்டீனில் பார்த்திருக்கிறேன்,
சூப்பை ஊதி ஊதி ஆற்றுவார்,
பிறகு குடிக்காமலே எழுந்து போவார்.

கேள்வி சின்னதுதான்.
நாம் போர் தொடுக்காத ஒரு நாட்டில்
ஒரு கணினியை இங்கிருந்தே அணைத்தால் அதற்கு என்ன பெயர்?
காங்கிரஸைக் கேட்காமல் அதிபர் அணைக்கலாமா?

லிண்ட்குவிஸ்ட் படியேறுவதுபோல் எழுதுகிறார்.
படை இறங்கவில்லை.
படை இறங்காததால் சண்டை இல்லை.
சண்டை இல்லாததால் அறுபது நாள் கடிகாரம் ஓடாது.
ஓடாத கடிகாரத்தில் யாரும் மணி பார்க்கவேண்டாம்.
எந்தப் படியிலும் கால் இடறவில்லை.
உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான்
கீழே வீடே இல்லையென்று தெரிகிறது.

நான்காம் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது.
காலை ██████, ████ பைகள், நாள் குறித்தாகிவிட்டது.
அதுவும் பொய்யில்லை.
அந்த வருடம் என் மகன் டெரன்ஸ் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனான்.
நிலையத்தின் பெயர்மேல் மட்டும்
கட்டத்தை மெதுவாக இழுத்தேன்,
தூங்குகிறவன்மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல.

அடிக்குறிப்பு முப்பத்தொன்று, பொடி எழுத்து:
அதே கணினியில் வேறு சிலரும் வாடகைக்கு இருந்தார்கள்.
ஒரு செருப்புக் கடை. ஒரு நகராட்சி.
ஒரு ██████████ குளிர் அறை.
'தற்காலிகத் தடங்கல், ████████ மணி நேரம்.'

ஜூலையில் ஒரு சனிக்கிழமை
ஒரு டம்ளர் பாலைச் சமையல் மேடையில்
அத்தனை மணி நேரம் வைத்துப் பார்த்தேன்.
சோதனை என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
சும்மா, வேலை இல்லாத நாள்.
பாலாவது திரிந்து காட்டியது.
சிவப்பாக இருப்பது பைக்குள் அப்படியே இருக்கும்,
உடம்புக்குள் போகும்வரை.

வாசலில் அதிபரின் படம் மாட்டியிருக்கிறது.
ஆட்சி மாறும் ஜனவரியில் ஹோலிஸ் ஏணி போட்டு ஏறி
பழைய முகத்தை உருவி, புது முகத்தைச் செருகுவான்.
ஆணி அதேதான். சட்டமும் அதேதான்.
எப்போதோ யாரோ ஒருவருக்கு அளவெடுத்துச் செய்தது.
வந்தவர் யாரும் எனக்கு இது பெரிது என்று கழற்றித் தந்ததில்லை.
படம் மாறும் சட்டம் மாறாது என்று நான் சொன்னால்
ஓக் மரத்தைச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
பென்ஷனுக்கு இன்னும் இருபது மாதம் இருக்கிறது.

நீதிபதிக்குக் காரணப் பட்டியல் தயார்.
'வெளியிட்டால் தேசப் பாதுகாப்புக்குக் குந்தகம்.'
ஒருதரம் தட்டச்சு செய்தேன்,
இருபத்தாறு தரம் ஒட்டினேன்.

கடைசியாகப் பத்தொன்பதாம் பக்கம்.
முடிவு அங்கேதான். முழுக்க மறைக்கச் சொல்லி உத்தரவு,
ரகசியமில்லாத சொற்களைத் தவிர.
தேடினேன். ஒன்று கிடைத்தது.
அதன் பின்னால் நிற்கும் காற்புள்ளியைக் கட்டம் மூடிவிட்டது.
திரும்பிப் போய் ஒரு நூலளவு குறைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் பக்கத்தைத் திறப்பார்கள்.
மேலிருந்து கீழ்வரை கறுப்பு,
இடது ஓரத்தில் மட்டும்

ஆகவே,