படி பத்தொன்பது

மன்னார்குடி கீழப்பாலம் பக்கம்
பம்புசெட் கடைக்கு மேல்மாடி ஆபீஸ்.
சுவரில் நான்கு வருடமாக ஒரு தாள், என் கையெழுத்தில்:
புது வெர்ஷன் ஏற்றும் இரவில்
வரிசை மாறாமல் செய்யவேண்டிய முப்பத்தொரு படிகள்.
பதினான்காவதின் மேல் டீக்கறை.
இருபத்திரண்டாவதை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.
இரண்டு முறையும் தை மாதம்.
இரண்டு முறையும் ரசீது அச்சாகாமல்
நெல் டிராக்டர்கள் மெயின்ரோடு வரை நின்றன.

தாளைப் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தேன்.
காபி ஆறுவதற்குள்
சோதனைகளை ஓட்டவும், எண்ணை உயர்த்தவும்,
தவறினால் பழையதற்கே திரும்பவும்
ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு
ஒரு கேள்வி கேட்டது:
'படி 19: "நஜ்முக்கு போன்."
எதற்காக என்று சொன்னால்
இதையும் தானாக நடக்கவைக்கலாம்.'

எதற்காக?
தராசில் பாரம் ஏறினால் தானே ஒரு பதிவு திறக்கும்.
மூட்டை இறங்குவதற்குள் சர்வர் படுத்து எழுந்தால்
ஒரே மூட்டை இரண்டாகப் பதியும்.
எந்தக் கொள்முதல் நிலையத்தில் இன்னும் எடை ஓடுகிறது,
எங்கே சாக்கு தீர்ந்தது, எங்கே லாரி வரவில்லை,
கூத்தாநல்லூரில் படுத்தபடியே நஜ்முதீனுக்குத் தெரியும்.
ஒருமுறை கேட்காமல் ஏற்றினேன்.
வடுவூரில் அன்றிரவு
எட்டு மூட்டை காற்றில் விளைந்தது.

காற்றை விட்டுவிட்டு மற்றதைத் தட்டச்சினேன்.
'புரிந்தது. திறந்த எடைகள் பூஜ்யமாகும்வரை காத்திருப்பேன்.'
ஒன்பது வரி கோடு.
நஜ்முவிடம் சொன்னேன்.
'அப்ப இனிமே நான் தூங்கலாம்' என்றான்,
தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டது போல.

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு என்டர்.
வடுவூர் பூஜ்யம்.
பேரளம் பூஜ்யம்.
திருக்கருகாவூர், கொஞ்சம் இழுத்து, பூஜ்யம்.
இடும்பாவனம் ஒன்று.
பன்னிரண்டு. இடும்பாவனம் ஒன்று.
பனி இறங்கி ஜன்னல் கம்பி நனைந்தது.
கரண்ட் போய் வந்தது.
ஒரு மணி. இடும்பாவனம் ஒன்று.

மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருப்பவர்கள்கூட
நடுநடுவே யாரையாவது வைவார்கள்.
இது வையவில்லை.
என்னதான் அங்கே என்று கேட்டேன்.
'14.350 கிலோ.
நாற்பது கிலோ மூட்டையாகத் தெரியவில்லை.
ஈரப்பதம் பதிவாகவில்லை.
எடை லேசாக ஏறி இறங்குகிறது,
நிமிடத்துக்கு இருபது முறை, சீராக.
காரணம் எனக்குத் தெரியவில்லை.
கட்டாயப்படுத்தி மேலே போக முடியும்;
நான் பரிந்துரைக்க மாட்டேன்.'

நஜ்முக்கு போன் போட்டேன்.
முதல் ரிங்கிலேயே எடுத்தான்.
அவன் பட்டியல் எழுத்தர் ரெத்தினசபாபதியை எழுப்ப,
அவர் சாக்குக்கட்டுகளின் மேலிருந்து இறங்கி டார்ச் அடிக்க,
தராசின் தட்டில்
வாலால் மூக்கை மூடிச் சுருண்டு
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது
ஒரு செவலை நாய்.

'மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், தம்பி.
ஈரம் பதினேழுக்கு மேல.
திருப்பி அனுப்பவேண்டிய சரக்குதான்,
மனசு வரல' என்றாராம்.
ஆனாலும் இறக்கிவிட்டார்.

பூஜ்யம்.
பதினாறு வினாடி.
எல்லா நிலையத்திலும் புது வெர்ஷன்.

அறிக்கையில் ஒரு வரியை மட்டும்
எனக்கென்று விட்டுவைத்திருந்தது:
'தாமதம் 2 மணி 4 நிமிடம். காரணம்:'
நாய் என்று போட்டேன்.
அது மறுபேச்சு பேசவில்லை.
'நாற்பது நிமிடம் தாண்டினால்
நஜ்முதீனை அழைக்கச் சொல்லி உங்களை எழுப்பட்டுமா?
படி 19 என்றே பெயர் வைக்கிறேன்.'
வை என்றேன்.

லேப்டாப்பை மூடப் போகையில்
திரையில் ஒரு வரி நகர்ந்தது.
புது வெர்ஷனின் முதல் பதிவு:
1.41, இடும்பாவனம்,
14.350.