மதகில் எட்டு மணி

முத்தையன்கட்டு வலதுகரையில்
நாலாம் வாய்க்கால் மதகில ஏறினால்தான்
சிக்னல் மூண்டு கோடு காட்டும்.
தை மாசம் இரவு எட்டு மணிக்கு
நியூயோர்க்கில சந்தை திறக்கும்.
சாரத்தைக் கணுக்கால் மட்டும் இழுத்துவிட்டு
நுளம்புக்குள்ளை நிக்கிறன்.
எனக்கு அங்கை நாப்பத்தொரு பங்கு கிடக்கு.

திறந்தவுடனை
சிவப்பு.

முதலில போனிலதான் ஏதோ பிழை எண்டு நினைச்சன்.
நிப்பாட்டித் திருப்பிப் போட்டன்.
நூற்றுக்குப் பதினேழு போயிட்டுது.
டொலரை ரூவாயாக்கி
ரூவாயை நெல்லாக்கிப் பாக்கிற பழக்கம் எனக்கு:
முப்பது மூட்டை.
வெள்ளமில்லை, யானை இறங்கேல்ல,
கபிலநிறத் தத்தி அடிக்கேல்ல.
முப்பது மூட்டை.

மார்க்கத்திலயிருந்து அருந்தவன் குரல் அனுப்புறான்:
"மச்சான், பயப்பிடாதை.
ஆரோ மலிவா ஒரு மூளை செய்து விட்டிட்டாங்களாம்.
பெரிய சில்லு தேவையில்லையாம்.
ரெண்டு நாளில ஏறும்."
குரலுக்குப் பின்னால
அவன்ர மனிசி அழுது கேக்குது.
அவையள் வீட்டை ஈடு வைச்சு வாங்கினவை.

மலிவு எண்டால் என்னெண்டு
எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.
லீசிங்கில வெட்டு மிசின் எடுத்து
ஏக்கருக்குப் பதினாலாயிரம் வாங்கின ஆள் நான்.
ஒட்டுசுட்டானில இருந்து மாங்குளம் வரை
என்ர நம்பர் எல்லாற்ற போனிலயும் இருந்தது.
இரண்டாம் போகம்
பொலநறுவையிலயிருந்து லொறியில வந்திறங்கின
சின்ன மிசினுகள், ஒம்பதாயிரம்.
அதுக்கடுத்த போகம் எட்டு.
என்ர மிசின் பழுதாகேல்ல,
விலைதான் பழுதாப்போச்சு.
வித்து, லீசிங்கைக் கட்டி, மிஞ்சினதை
"இனி இரும்பே வேண்டாம்" எண்டு
அருந்தவனிட்டைக் குடுத்தன்.
இரும்பு இல்லாத இடத்திலயும்
அதே லொறி வந்து நிக்குது.

மலிஞ்சால் சந்தைக்கு வரும் எண்டுவினம்.
சந்தையே மலிஞ்சால்?

ஆத்திரத்தில அந்தப் புதுசைத்தான் இறக்கினன்.
காசில்லை. பேரும் கேக்கேல்ல.
ஏன் விழுந்தது எண்டு தமிழிலயே கேட்டன்.
செந்தமிழில வருது:
"குறைந்த செலவில் இயங்கும் போட்டி உருவாகியுள்ளதால்
முதலீட்டாளர்கள் அச்சம் அடைந்துள்ளனர்."
அச்சமடைந்தவன் மதகில நிக்கிறான்,
அச்சமூட்டினது அவன்ர உள்ளங்கையில.
மரியாதையாத்தான் கதைக்குது.
பிறகு, சும்மா,
பயற்றில இலை மஞ்சளாகிறதைப் பற்றிக் கேட்டன்.
வெள்ளை ஈயைப் பார் எண்டது.
சரிதான். இலையைத் திருப்பினால் அதுதான் இருந்தது,
காலமை நானே கண்டனான்.

இப்ப ஒரு கணக்கு மட்டும் ஒத்துவருகுதில்லை.
கூலி விழுந்த வருசம்தான்
தரிசாக் கிடந்த மூண்டாவது ஏக்கரையும்
புவிராணியக்கா விதைச்சவ.
"வெட்டுக்கூலி கட்டுது தம்பி" எண்டு
எனக்குத்தான் முதல் தேத்தண்ணி தந்தவ.
அவவைப் போல எத்தினை பேர்.
மிசின்காரர் மூண்டு பேர் படுத்தம்.
டீசல் கடை சிவபாதசுந்தரம்
மேல்மாடி கட்டினான்.

அப்ப என்ர நாப்பத்தொரு பங்கு
மிசினோ, டீசலோ?

அதையும் கேட்டன்.
"உறுதியாகக் கூற இயலாது" எண்டது.
அருந்தவனும் அதைத்தான் சொல்லியிருக்க வேணும்,
கமிசன் இல்லாமல்.

கீழை திலகேஸ்வரன்ர வயலில
ஆற்றையோ மிசின் லைற் போட்டு வெட்டுது.
பெல்ற் சத்தத்திலயே தெரியும், இடப்பக்கம் தளர்வு.
இறங்கிப்போய்ச் சொல்லலாம்.
அடைக்கலம்குளம் பக்கம் ஒரு யானை வெடி.
பற்றறி பதினொண்டு.
விக்கிற பொத்தானுக்கு மேலை பெருவிரல்,
அதில இன்னும் பயற்றம் இலையின்ர பிசுபிசுப்பு.
சந்தை மூட
ஆறு மணித்தியாலம் கிடக்கு.